பிரேக் அக்கா நிதி கேட்கப் போன கதை

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனவர்கள். அவர்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தாலே அது தெரியும் என்பது அக்காவின் கட்சி.

டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் மரத்தைப் பார்த்து வண்டியை விட்டால், பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்திவிடலாம். அக்காவின் வலது கால் பல வருஷமாக அந்தப் பிரேக்கின்மேல்தான் குடியிருந்தது. பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. யாராவது வேகமாகப் பேசினால் கால் தரையை மிதிக்கும். டிவியில் எவனாவது அவசரப்பட்டுக் காதலைச் சொல்லப் போனால் மிதிக்கும். தூக்கத்திலும் விடாது. கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அவர் வீட்டுக்காரர் இரண்டு முறை மாற்றிவிட்டார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே போவதும் கீழே வருவதும்தான் அவருக்குத் தெரிந்த பயணம். முன்னால் போகிற எதையும் நம்ப மாட்டார். மனைவியிடம் மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துகொண்டார். அந்தக் குடும்பம் இன்றுவரை ஒற்றுமையாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியில் அந்த வலது முட்டியே தேய்ந்துபோனது. "இனிமே நீங்க பிரேக் மிதிக்கவே கூடாது" என்று எலும்பு டாக்டர் சொன்னபோது அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் ஓடியதாக அக்காவுக்குச் சந்தேகம். அவரும் பழைய மாணவர்தான்.

ஸ்கூலை மூடினார்கள். பழைய வெள்ளைக் கார் மட்டும் விலை போகாமல் நின்றது. மரக்கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த பயிற்சி மைதானமும் ஒப்பந்தம் முடியும்வரை அக்கா கையில் இருந்தது. ஒருநாள் காலையில் சும்மா அந்தப் பக்கம் போனவர், ரிவர்ஸ் எடுக்கிறவர்கள் இடித்துக்கொள்வதற்கென்றே அடுக்கி வைத்த டயர்களுக்கு முன்னால் ஒரு தக்காளிச் செடியைப் பார்த்தார். யாரோ சாப்பாட்டு டப்பாவைக் கழுவி ஊற்றியதில் முளைத்திருக்க வேண்டும். உரம் போட்டவர் இல்லை, மருந்து அடித்தவர் இல்லை, ஏன் என்று கேட்டவர்கூட இல்லை. ஆனாலும் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. ஒன்றைப் பறித்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கடித்தார். நின்ற இடத்திலேயே இன்னும் நாலு தின்றார். வீடு திரும்பியபோது ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஓர் இயற்கைப் பண்ணை அவர் மனதில் முழுசாகத் தயாராகியிருந்தது.

"உழைப்பும் பொது, விளைச்சலும் பொது" என்றார் வீட்டுக்காரரிடம்.

"முடிவு மட்டும் உன்னோடதாக்கும்" என்றார் அவர். அது அக்காவின் காதில் ஏறவில்லை.

ஆள் சேர்ப்பதில் கஷ்டமே இல்லை. அக்கா கூப்பிட்டு வர மாட்டேன் என்று சொல்லும் தைரியம் பழைய மாணவர்களில் யாருக்கும் கிடையாது. மருந்துக்கடைக்காரர் வந்தார். பேக்கரிக்காரர் வந்தார். இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் வந்தன. கடைசியாகத் தையல்காரம்மா வந்தார். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அக்காவின் மாணவர்களிலேயே லைசென்ஸ் வாங்காமல் போன ஒரே ஆள் அவர்தான். அக்கா பக்கத்தில் இருந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி ஓட்டுவார். டெஸ்டுக்கு அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டால் நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்துவார். இதே கதை திரும்பத் திரும்ப நடந்த பிறகு அவர் ஓட்டும் ஆசையையே விட்டுவிட்டார். என்ன கோளாறு என்று அக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவளுக்கு ராசி இல்லை என்று சொல்லி அந்த விஷயத்தை முடித்துவிட்டார்.

பண்ணை வந்தது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது வண்டி நிறுத்துமிடம் மாதிரிதான் தெரிந்தது. அக்கா சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாத்தி பிரித்திருந்தார். ஒரு பாத்திக்கு ஒரு காய்தான். நடுவில் போகிற பாதை ஒருவழி. எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் வாளியோடு வந்த பேக்கரிக்காரரைத் திருப்பி அனுப்பி, சுற்றிக்கொண்டு வரச் சொன்னார். உரக்குழிக்கு முன்னால் 'நில்' என்று பழைய ஸ்கூல் பலகை ஒன்று நின்றது. எல்லாச் செடியும் அடங்கி ஒடுங்கி வளர்ந்தது. பூசணிக்கொடி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி வெண்டைக்காய்ப் பாத்திக்குள் தலையை நீட்டும். அக்கா தினமும் காலையில் அதன் நுனியைப் பிடித்து, "உன் லேன்ல போ" என்று திருப்பிவிடுவார். சில நாளில் நுனி அவர் கையோடு வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் மரக்கடைக்காரர் வந்து நின்றார். மைதானம் அவருடையது. "மழைக்கு முன்னாடி வேலி போட்டு, போர் போட்டுத் தண்ணி எடுத்து, இது பண்ணைதான்னு என் கண்ணுல காட்டுங்க. நீண்ட நாளைக்குக் குத்தகை எழுதித் தர்றேன். இல்லன்னா எனக்கு மரம் அடுக்க இடம் பத்தல" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அதுவரை பண்ணைக்குத் தண்ணீர் அவர் கடைத் தொட்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வேலி இல்லாததால் தெரு ஆடுகள் எல்லாம் அக்காவின் ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக வந்து மேய்ந்துவிட்டுப் போயின.

வேலிக்கும் போருக்கும் ஆகிற செலவு உறுப்பினர்கள் கைக்கு அடங்குவதாக இல்லை. நிதி வராவிட்டால் மைதானம் போய்விடும், மைதானம் போனால் பண்ணையும் போய்விடும். அதோடு, காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போவதற்கு அக்காவுக்கு ஓர் இடம் இருக்காது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே காட்டிக்கொண்டது வேறு. "நிதிதானே. ஊர்ல முக்கியமான நாற்காலி எல்லாத்துலயும் நம்ம ஆளுங்கதான் உக்காந்திருக்காங்க" என்று கிளம்பினார்.

முதல் நாற்காலி பாங்க் மேனேஜருடையது. அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் அவர் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேஜைமேல் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டார்.

"பொதுப் பண்ணைக்குக் கடன் வேணும்பா."

"அடமானமா என்ன வைப்பீங்க அக்கா?"

"நான் இருக்கேனே."

"ஆளையெல்லாம் அடமானமா எடுத்துக்க மாட்டோங்க்கா."

"அன்னைக்கு மேட்டுல வண்டி பின்னால உருண்டப்ப நான் மிதிக்கலன்னா, இன்னைக்கு இந்த நாற்காலில நீ உக்காந்து எனக்கு அடமானம் சொல்லிக்கொடுப்பியா?"

மேனேஜருக்கு ஏசி அறையில் வியர்த்தது. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வழியனுப்ப எழுந்தவர் இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, தலைக்கு மேலே இல்லாத கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பையன் மறக்கவே இல்லை என்று அக்கா வீட்டில் பெருமையடித்துக்கொண்டார். கடன் கிடைக்கவில்லை என்பதை வீட்டுக்காரர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து பெயிண்ட் கம்பெனி முதலாளி. இவர் உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு சின்ன ஆசை, பண்ணை வாசலில் அவர் படம் போட்ட போர்டு வைக்க வேண்டும்.

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் அக்கா.

"பெருசெல்லாம் வேணாம் அக்கா. பெரிய ரோட்டுல பஸ்ல போறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

வீட்டுக்காரர் மைதானத்துக்கு வந்து சூரியனைப் பார்த்துக் கையை நீட்டி நிழல் கணக்குப் போட்டார். பெரிய கட்டடங்களில் வேலை பார்த்தவர், நிழல் எப்படி விழும் என்பது அவருக்கு அத்துப்படி. "முதலாளி மூக்கு நிழலே தக்காளிப் பாத்தி முழுக்க விழும். இங்க காளான்தான் வளர்க்கலாம்" என்றார். அந்த நிதியும் போனது.

மிச்சமிருந்தது ஓர் அறக்கட்டளை. பொதுப் பண்ணைகளுக்கு உதவி செய்கிறவர்கள். உறுப்பினர்களோடு நேரில் வரச் சொன்னார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா வேறு ஊரிலிருந்து வந்தவர். கார் ஓட்டத் தெரியாதாம், கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லையாம். அக்காவைப் பார்த்து முதுகை நிமிர்த்தாத முதல் அதிகாரி அவர்தான். அக்காவுக்கு அங்கேயே கொஞ்சம் சுருதி இறங்கியது.

"உரம் எப்படித் தயார் பண்றீங்க?" என்று அதிகாரியம்மா மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டிய பிறகு பதில் சொன்னார்.

"தினமும் யார் தண்ணி விடறது?" என்று பேக்கரிக்காரரைக் கேட்டார். "அக்கா யாரைச் சொல்றாங்களோ அவங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"நீங்க சொல்லுங்கம்மா, அடுத்து என்ன பயிர் வைக்கலாம்னு உங்களுக்குத் தோணுது?"

தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் தரையை மிதித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "அதையும் அக்காவைத்தான் கேக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது பொதுப் பண்ணை இல்ல, உங்க சொந்தப் பண்ணை. இவங்க எல்லாரும் அதுல பயணிங்க. தனி ஆளுக்கு நாங்க நிதி தர்றதில்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவரை நிறுத்தி ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சனிக்கிழமை நான் பண்ணைக்கு வர்றேன். அவங்க பேசட்டும். நீங்க பேசக் கூடாது. இருக்கலாம், ஆனா பேசக் கூடாது" என்றார்.

பேசாமல் இருப்பதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைக் காரை மைதானத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வது. முகம் தெரியாது, தலையாட்டினாலும் தெரியாது. ஜன்னலை இறக்கிவிட்டால் பேசுவது காதில் விழும், கண்ணாடியில் எல்லாரும் தெரிவார்கள். சனிக்கிழமை தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்து வாயில் ஏலக்காய் ஒன்றைப் போட்டு அடைத்துக்கொண்டார். துணைக்கு வந்த வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். நின்ற காரிலும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலில் மருந்துக்கடைக்காரர் மாட்டினார்.

"பூச்சி வந்தா என்ன செய்றீங்க?"

"பூண்டு, பச்சை மிளகாய் அரைச்சுத் தண்ணில கரைச்சுத் தெளிப்போம். அதுக்கும் போகலன்னா எங்க கடைல ஒன்னு இருக்கு, ஒரே அடில..." அவர் பார்வை காரின் பக்கம் போனது. சட்டென்று நிறுத்தினார். "எங்க கடைல ஒன்னும் கிடையாதுங்க."

காருக்குள் அக்கா மூச்சு விட்டார். பார்த்தீர்களா, நான் வாயே திறக்கவில்லை என்று வீட்டுக்காரரைப் பெருமையாகப் பார்த்தார்.

"விளைஞ்சதை எப்படிப் பிரிச்சுக்குவீங்க?"

"சமமாத்தாங்க" என்றார் பேக்கரிக்காரர். "என்ன, எங்க வீட்ல வெண்டைக்காய் கொஞ்சம் இஷ்டம், அதனால அதை மட்டும் யாருக்கும் தெரியாம..." அவரும் காரைப் பார்த்தார். "நாங்க சாப்பிடறதையே விட்டுட்டோம்."

அதிகாரியம்மா திரும்பி நின்று காரைக் கூர்ந்து பார்த்தார். "அந்தக் கார்ல அப்பப்ப ஏன் சிவப்பு லைட் எரியுது?"

எல்லாரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "அது ஒன்னுமில்லீங்க. அக்கா வேணாம்னு சொல்றாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குனிந்து பார்த்தார். வலது கால் பிரேக்கின்மேல், பழைய குடித்தனக்காரர் மாதிரி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"நான் ஒரு வார்த்தை பேசலையே" என்றார் பரிதாபமாக.

"நீ பேசல. உன் கால்தான் வந்ததுலேர்ந்து பேசிட்டு இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லி?"

அக்கா காலை எடுத்தார். அது மறுபடி போனது. எடுத்தார், போனது. "கொஞ்சம் முட்டியைப் பிடிச்சுக்குங்களேன்" என்று கெஞ்சினார். வீட்டுக்காரர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து விடுவித்து மனைவியின் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே தையல்காரம்மா முன்னால் வந்திருந்தார். "உங்களுக்கு ஒன்னு காட்டணும்" என்று சொல்லி அதிகாரியம்மாவை டயர் அடுக்குக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். முட்டி வலியால் அக்கா போகாத ஒரே மூலை அது. கார் நின்ற கோணத்தில் அந்த மூலையும் கண்ணாடியில் விழ, அக்கா எட்டிப் பார்த்தார். அங்கே தரையே தெரியவில்லை. பூசணிக்கொடி டயர்மேல் ஏறி, சுவரில் படர்ந்து, இஷ்டத்துக்குக் கால் நீட்டிப் படுத்திருந்தது. இலைகளுக்கு நடுவே ஒன்றல்ல, இரண்டல்ல, தூக்க ஆள் வேண்டும் என்கிற அளவில் காய்கள். சுண்ணாம்புக் கோடு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரும் பார்க்கிற ஆசையில் பின்னால் திரும்பினார். அவர் கை முட்டியை விட்டது. கால் பிரேக்கில் போய் இறங்கியது.

சிவப்பு விளக்கைத் தையல்காரம்மா பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

கண்ணாடியில் அந்த முகத்தை அக்கா பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். இதே காரில், பக்கத்து இருக்கையில், ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் ரோட்டைப் பார்க்காமல் அக்காவின் காலைப் பார்த்த முகம். நிறுத்த வேண்டும் என்று அவள் நினைப்பதற்கு முன்னாலேயே அக்கா நிறுத்திவிடுவார். ஒரு நாளாவது அவளாக நிறுத்த விட்டதில்லை. டெஸ்டில் பக்கத்தில் இருந்த அதிகாரி காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வராத பிரேக்குக்காகக் காத்துக்கொண்டே அவள் சுவரில் போய் மோதினாள். ராசியாம், மண்ணாங்கட்டி. அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தையல்காரம்மா மறுபடி பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை காருக்குள்வரை தெளிவாகக் கேட்டது.

"அக்கா திருப்பித் திருப்பி விட்டதுல பாத்தில இருந்த கொடியெல்லாம் ஒடிஞ்சுபோச்சுங்க. கோடு போட்டா தக்காளி கேக்கும். பூசணி கேக்காது. அக்காகிட்ட சொல்ல பயம். அதனால இங்க விதை போட்டு மறைச்சு வச்சேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த பருவத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கோடே இல்லாம விடணும். என் முடிவு அதுதான்."

கால் மெதுவாக மேலே வந்தது. இந்த முறை யாரும் பிடித்துத் தூக்கவில்லை. விளக்கு அணைந்தது. அக்கா இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வீட்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார்.

விளக்கு அணைந்ததுதான் தாமதம், வெளியே ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவழிப் பாதை சுத்தக் கிறுக்குத்தனம் என்றார் மருந்துக்கடைக்காரர். இல்லை, பாதை நல்லதுதான், வெண்டைக்காய் பிரிப்பதில்தான் கோளாறு என்றார் பேக்கரிக்காரர். வெண்டைக்காய் காணாமல் போவது எப்படி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்கள் மற்றவர்கள். உரக்குழி யார் வீட்டுப் பக்கம் நாறுகிறது என்று தனியாக ஒரு சண்டை ஆரம்பித்தது. அதிகாரியம்மா ஒரு டயரின்மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

போகும்போது கார் ஜன்னலருகே வந்து குனிந்தார். "வேலிக்கும் போருக்கும் நாங்க தர்றோம். ஆனா தலைவரை அவங்களே தேர்ந்தெடுக்கணும். நீங்க நிக்கக் கூடாது."

உறுப்பினர்கள் தையல்காரம்மாவைத் தலைவராக்கினார்கள். அக்காவும் கையைத் தூக்கினார். எல்லாருக்கும் கடைசியாகத்தான் தூக்கினார், ஆனால் தூக்கினார். அன்றைக்குத் தூக்கத்தில் கால்மாட்டுப் பலகை மூன்றாவது முறையாக உடைந்தது.

மழைக்கு முன்னால் வேலி வந்தது, போரில் தண்ணீர் வந்தது. மரக்கடைக்காரரும் பேச்சு மாறாமல் எழுதிக் கொடுத்தார். முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில் எல்லாரும் கோடில்லாத பக்கத்தில் கூடினார்கள். முட்டிக்காக அக்காவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். தையல்காரம்மா அடுத்து என்னென்ன செய்யப்போகிறோம் என்று விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே போனார். அதில் பாதி அக்காவுக்குச் சம்மதமில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஈரமண்ணில் வலது குதிகால் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது மிதித்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது.

தையல்காரம்மா பேச்சை நிறுத்தி அந்தக் குழியைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் நாலைந்து பூசணி விதைகளை எடுத்துக்கொண்டு ஸ்டூல் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, காலைக் கொஞ்சம் எடுங்க. விதை போடணும்."

அக்கா எடுத்தார்.